வாசகமும் வழக்கும்

தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையில், ஏலமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது தேவாரம் என்னும் ஊர். அதற்கு வடக்கே போடிநாயக்கனூரும், தெற்கே உத்தமபாளையமும் கம்பமும் உள்ளன. ஊருக்கு மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலைக்கு அப்பால் கேரள நாடு தொடங்குகிறது. அங்கே மழை மிகுதி. அடர்ந்த மரங்களின் நிழலில் ஏலச்செடி செழித்து வளர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரில் பெரும்பகுதியை மலையின் மறுபுறத்திலேயே சொரிந்துவிட்டு, இப்புறம் வறண்ட காற்றாக இறங்குகிறது. ஆதலின் இவ்வட்டாரத்து உழவர்க்கு நீரைப் பற்றிய பேச்சே வாழ்வைப் பற்றிய பேச்சாகும்.

மேற்கு நோக்கிப் பாய்ந்து கடலில் கலந்த பெரியாற்றின் நீரைக் கிழக்கே திருப்பியதனால் இப்பள்ளத்தாக்கு வளம் பெற்றது என்பதைப் பலரும் அறிவர். அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் பெயரும் இங்குள்ள சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரும் அறிந்ததே. ஆயினும் அணையின் முதற் கல்லை வைப்பதற்கு முன்பே ஓர் ஆவணம் எழுதப்பட்டது என்பதையும், அந்த ஆவணத்தின் ஒரு வாசகத்துக்குப் பொருள் காண்பதில் இரண்டு அரசுகள் பல ஆண்டுகள் வழக்காடின என்பதையும் அறிந்தவர் சிலரே. அவ்வரலாற்றை அறிவதற்கு முன், வாசகம் என்பது யாது, அஃது எவ்வாறு செயற்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் நலம்.

ஒரு முழுக் கருத்தின் உறுப்பாக நின்று, அக்கருத்து எப்பொழுது பொருந்தும், எதுவரை செல்லும், எதற்காகச் சொல்லப்பட்டது என்று வரையறுக்கும் சொற்றொடரே இங்கு வாசகம் எனப்படுகிறது. இலக்கண நூல்கள் இதனைத் துணைத்தொடர் என்று கூறும். பத்திரம் எழுதுவோர் ‘ஷரத்து’ என்பர். இஃது அரபு மொழியிலிருந்து வந்து தமிழ் ஆவணங்களில் ஊன்றிவிட்ட சொல். அளவை நூலாரும் தம் கூற்றுகளை இத்தகைய உறுப்புகளாகப் பிரித்தே ஆராய்கின்றனர். பெயர் வேறாயினும் மூவிடத்தும் பணி ஒன்றே. வயலுக்கு வரப்பு எப்படியோ, கருத்துக்கு வாசகம் அப்படி.

முதலில் அளவை நூலைக் காண்போம். “ஊரில் பெருமழை பெய்தால் ஓடை பெருகும்” என்று ஒருவர் கூறுகிறார். இதனுள் இரண்டு கூற்றுகள் உள்ளன. ஒன்று நிபந்தனை, மற்றொன்று அதன் விளைவு. இக்கூற்று உண்மையென்று ஒப்புக்கொண்டால், மழை பெய்தது என்று அறிந்த அளவிலேயே ஓடை பெருகியிருக்கும் என்று துணியலாம். ஓடை பெருகவில்லை என்று கண்டால், ஊரில் பெருமழை பெய்யவில்லை என்றும் துணியலாம். இவ்விரண்டும் பிழையற்ற முடிவுகள்.

ஆனால், ஓடை பெருகியிருப்பதைக் கண்டு, ‘ஊரில் மழை பெய்தது’ என்று முடிவு செய்யலாமா? கூடாது. இதற்குத் தேவாரத்தார் எளிதில் சான்று காட்டுவர். ஊரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்; மலைமேல் கருமேகம் திரண்டு கொட்டும்; சற்று நேரத்தில் அடிவாரத்து ஓடையில் வெள்ளம் புரண்டு வரும். வெள்ளத்துக்கு ஊர்மழை ஒரு காரணமே. அதுவே தனிக் காரணம் அன்று. நிபந்தனையிலிருந்து விளைவுக்குச் செல்லும் வழியில் விளைவிலிருந்து நிபந்தனைக்குத் திரும்ப முடியாது. மணிமேகலைக் காப்பியத்தில் பேசப்படும் அளவை இலக்கணத்திலும் புகையைக் கொண்டு நெருப்பை உணரும் முறை சொல்லப்படுகிறது. புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு. ஆனால் பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பின் வெம்மை உண்டு, புகை இல்லை. ‘நெருப்பு உண்டு, ஆகவே புகை உண்டு’ என்பார் வழுக்கி விழுவர்.

இக்கூற்றையே அளவை நூலார் மற்றொரு வடிவிலும் எழுதுவர். “ஊரில் பெருமழை பெய்யவில்லை, அல்லது ஓடை பெருகியிருக்கிறது” என்பது அவ்வடிவம். இவ்விரு பகுதிகளுள் ஒன்றேனும் உண்மையாக இருந்தால் முழுக் கூற்றும் உண்மை. இரண்டும் பொய்யானால் மட்டுமே அது பொய். அதாவது, மழையும் பெய்து, ஓடையும் பெருகாதிருந்தால்தான் சொன்னவர் பொய்யராவார். மழையே பெய்யாத நாளில் அவர் சொல் பொய்யாவதில்லை. ‘அல்லது’ என்னும் சொல்லால் இணைக்கப்பட்ட இத்தகைய தொகுதிகளாகக் கூற்றுகளை மாற்றித் தந்தால், கணிப்பொறி அவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டு முரண் உண்டா, இல்லையா என்று கண்டறிந்துவிடும்.

இனி மொழியில் வாசகம் நிற்கும் முறையைப் பார்ப்போம். தமிழில் கருத்தை முடித்து வைப்பது வினைமுற்று. அதற்கு முன்னே வந்து வரையறை செய்வன எச்சங்கள். ‘வந்த’ என்பது பெயரைத் தழுவும் எச்சம். ‘வந்து’, ‘வந்தால்’ என்பன வினையைத் தழுவும் எச்சங்கள். எச்சம் என்னும் பெயரே இவற்றின் இயல்பைக் காட்டும். பொருள் இன்னும் எஞ்சி நிற்கிறது. முற்று வந்த பின்னரே அது நிறைவுறும். ஆகவே தமிழைக் கேட்பவர் இறுதிச் சொல் வரையில் பொறுத்திருத்தல் வேண்டும்.

ஒரே எச்சம் சிறியதோர் இடைச்சொல்லைப் பெற்றுப் பொருளில் பெரிதும் வேறுபடுவதுண்டு.

“மழை பெய்தால் ஏலம் காய்க்கும்.”
“மழை பெய்தால்தான் ஏலம் காய்க்கும்.”
“மழை பெய்தாலும் ஏலம் காய்க்கும்.”

முதல் தொடர், மழை போதும் என்கிறது. வேறு வழியால் காய்க்குமா என்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தொடர், மழையின்றிக் காய்ப்பே இல்லை என்கிறது. ஆயினும் மழை ஒன்றே போதும் என்று உறுதி கூறவில்லை. மூன்றாம் தொடர், மழை தடையாகாது என்கிறது. பெய்யினும் பெய்யாவிடினும் காய்ப்பு உண்டு என்பது அதன் குறிப்பு. தோட்டத்தை விலை பேசும் ஒருவன் இம்மூன்றையும் ஒன்றாகக் கொண்டால் அவன் கைப்பொருள் தங்குமா? சிற்றுருவச் சொற்களின் இவ்வாற்றலை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். தொல்காப்பியம் இடைச்சொற்களுக்கென ஓர் இயலையே வகுத்து, உம்மைக்கு எட்டுப் பொருளும் ஏகாரத்துக்கு ஐந்து பொருளும் கூறுவது இதற்குச் சான்றாகும்.

சொல் சரியாக இருந்தும் அது நிற்கும் இடத்தால் மயக்கம் உண்டாவதும் உண்டு. முதியவர் ஒருவர், “ஏலத்தோட்டத்தில் உழைத்த என் தம்பியின் மகனுக்கு இவ்வீட்டைக் கொடுக்கிறேன்” என்று உயில் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் உழைத்தவர் தம்பியா, தம்பியின் மகனா? ‘உழைத்த’ என்னும் பெயரெச்சம் எப்பெயரைத் தழுவுகிறது என்பது தெளிவாகவில்லை. தம்பிக்கு ஒரே மகன் இருப்பின் தொல்லை இல்லை. இருவர் இருந்து, அவருள் ஒருவர் மட்டும் தோட்டத்தில் உழைத்திருந்தால், அண்ணனும் தம்பியும் நீதிமன்றத்தின் படியேற நேரும். “என் தம்பியின் மக்களுள் ஏலத்தோட்டத்தில் உழைத்தவனுக்கு” என்று எழுதியிருந்தால் வழக்கே இல்லை. ஒரு சொல்லை இடம் மாற்றி வைக்கும் சிறு முயற்சி ஒரு குடும்பத்தின் ஒற்றுமையைக் காத்திருக்கும்.

இங்கிருந்து சட்டத்தின் எல்லைக்குள் எளிதாகப் புகலாம். ஒப்பந்தத்தில் வாசகங்கள் பல வகையாக அமையும். எதன்பொருட்டு உரிமை அளிக்கப்படுகிறது என்று கூறுவது நோக்க வாசகம். எது நடந்தால் கடமை தோன்றும் என்பது நிபந்தனை வாசகம். எது நீங்கலாக என்று கூறுவது விலக்கு வாசகம். “மழையால் மலைப்பாதை தடைப்பட்டாலன்றி, வெள்ளிக்கிழமைக்குள் நூறு கிலோ ஏலக்காய் ஒப்படைக்கப்படும்” என்று தோட்டக்காரர் ஒருவர் வணிகருக்கு எழுதிக் கொடுத்தால், ‘தடைப்பட்டாலன்றி’ என்பதே அவருடைய காப்பு. பாதையில் மண் சரிந்தால் அவர்மேல் குற்றமில்லை. ஆனால் காய் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லி அவர் தப்ப முடியாது. அவ்விலக்கை அவர் எழுதவில்லை. ஒன்றை விலக்கென்று எடுத்துச் சொன்னால், சொல்லாத பிறவற்றுக்கு விலக்கில்லை என்று கொள்வதே பொதுவான முறை.

இனி, முன்னே குறித்த ஆவணத்தைக் காண்போம். 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும், பிரிட்டிஷ் ஆட்சியின் சார்பில் இந்தியா மந்திரிக்கும் இடையே ஒரு குத்தகைப் பத்திரம் எழுதப்பட்டது. அணை அமையும் இடத்தில் ஆற்றுப்படுகையின் மிக ஆழமான புள்ளியிலிருந்து 155 அடி உயரம் வரை நீர் தேங்கும் நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. காலம் 999 ஆண்டுகள். 8,000 ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் வீதம், ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகை. நிலம் அதற்கு மேற்படின், மேற்பட்ட ஒவ்வோர் ஏக்கருக்கும் அதே வீதம் செலுத்தவேண்டும் என்ற வாசகமும் உண்டு. நீர்ப்பாசனப் பணிகளையும் அவற்றுக்குத் துணையான பணிகளையும் செய்துகொள்ளும் உரிமை குத்தகைதாரருக்கு அளிக்கப்பட்டது. நீரின்மேல் உரிமையும் மீன்பிடிக்கும் உரிமையும் தரப்பட்டன. இவற்றோடு, இருதரப்பாரின் உரிமை, கடமை பற்றி ஐயமோ பிணக்கோ எழுந்தால், அதனை இரண்டு நடுவர்களிடமும், அவர்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் ஒரு தலைமை நடுவரிடமும் விடவேண்டும் என்றும் எழுதப்பட்டது.

1887இல் தொடங்கிய அணைப்பணி 1895இல் நிறைவுற்றது. மலையைக் குடைந்து அமைத்த சுரங்கம், ஏறக்குறைய ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் நீளமுடையது, நீரைக் கிழக்கே கொண்டுவந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலும், வைகையின் வழியே மதுரைப் பக்கத்திலும் வயல்கள் விளைந்தன. நாற்பது ஆண்டுகள்வரை பத்திரத்தின் வாசகங்களைப் பற்றிப் பெரிய கேள்வி எழவில்லை.

பின்னர்க் காலம் ஒரு புதிய வினாவைக் கொண்டுவந்தது. சுரங்கத்தை விட்டு வெளிவரும் நீர், பள்ளத்தாக்கை அடையுமுன் ஆயிரம் அடிக்கு மேல் கீழிறங்குகிறது. அவ்வீழ்ச்சியின் விசையால் மின்சாரம் ஆக்கலாமே என்று சென்னை அரசு எண்ணியது. பத்திரம் எழுதிய 1886இல் இந்தியாவில் நீர்மின் நிலையம் ஒன்றேனும் இல்லை. டார்ஜிலிங்கில் முதல் நிலையம் அமைந்தது 1897இல். நீலகிரியில் பைக்காரா நிலையம் இயங்கத் தொடங்கியது 1932இல். ஆகவே மின்சாரம் என்னும் சொல்லைப் பத்திரத்தில் தேடிப் பயனில்லை. அனுமதி உண்டா, இல்லையா என்பதை ‘நீர்ப்பாசனப் பணிகள்’ என்னும் வாசகத்திலிருந்தே உய்த்துணர வேண்டியிருந்தது.

நீர் முழுவதும் எங்களுக்கு உரியது. வயலுக்குச் செல்லும் வழியில் அது விழும்போது விசையை எடுத்துக்கொள்வதால் நீர் குறைவதில்லை. ஆகவே தடையில்லை என்பது சென்னையின் நிலை. நிலமும் நீரும் அளிக்கப்பட்டது பாசனத்தின்பொருட்டே. நோக்கத்துக்குப் புறம்பான பயனைக் குத்தகைதாரர் தாமே எடுத்துக்கொள்ள முடியாது என்பது திருவிதாங்கூரின் நிலை. இரண்டும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. முன்னது உரிமை வாசகத்தைப் பற்றி நின்றது. பின்னது நோக்க வாசகத்தைப் பற்றி நின்றது.

பத்திரத்தின் இறுதியில் இருந்த நடுவர் வாசகம் அப்பொழுது பயன்பட்டது. இருதரப்பு நடுவர்களும் ஒத்த முடிவுக்கு வரவில்லை. வழக்கு, தலைமை நடுவரான சர் நளினி ரஞ்சன் சட்டர்ஜியிடம் சென்றது. 1941ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் அவர் தீர்ப்பளித்தார். குத்தகை பாசனத்துக்கே, மின்னாக்கம் அதனுள் அடங்காது என்பது அவர் முடிவு. மலையின்மேல் நீர் இருந்தது. கீழே மின்சாரத்துக்குத் தேவை இருந்தது. பொறியியல் அறிவும் இருந்தது. ஆயினும் இடையே ஒரு வாசகம் நின்றது.

வாசகம் தடுத்த வழியை மற்றொரு வாசகமே திறந்தது. இந்தியா விடுதலை பெற்று, 1956இல் கேரள மாநிலம் அமைந்த பின், இரு மாநிலங்களும் பேசி, 1970ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் இரண்டு துணை ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. குத்தகை ஏக்கருக்கு ஐந்து ரூபாயிலிருந்து முப்பது ரூபாயாக உயர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைத் திருத்தலாம் என்னும் வாசகமும் சேர்ந்தது. மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு விட்டுக்கொடுத்தது. தனிக் கட்டணம் செலுத்தி மின்சாரம் ஆக்கிக்கொள்ளும் உரிமை தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது. கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் இயங்கும் பெரியாறு நீர்மின் நிலையம் இவ்வுடன்பாட்டின் துணையால் நிற்பது. நீட்டிப் பொருள் கொள்ள முடியாத வாசகத்தை உடன்பாட்டால் திருத்திக்கொள்ளலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இவ்வாவணத்தைப் பற்றிய வழக்கு இதனோடு முடியவில்லை. அணையின் உறுதி பற்றியும், நீர்மட்டத்தின் அளவு பற்றியும் பின்னாளில் இரு மாநிலங்களுக்கிடையே கருத்து வேற்றுமை எழுந்தது. கிழக்கே பாசனத்தை நம்பியோரின் கவலை ஒருபுறம். அணைக்குக் கீழே கேரளத்தில் வாழ்வோரின் அச்சம் மறுபுறம். வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது, அங்கும் ஒரு வாசகம் முன்வந்து நின்றது. இந்திய அரசமைப்பின் 131ஆம் உறுப்பு, மாநிலங்களுக்கிடையே எழும் பூசல்களை நேரடியாக விசாரிக்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்துக்கு அளிக்கிறது. ஆனால் அவ்வுறுப்பின் இறுதியில் ஒரு வரம்புரை உண்டு. அரசமைப்புக்கு முன் செய்யப்பட்டு, இன்னும் நடைமுறையில் உள்ள உடன்படிக்கை, ஒப்பந்தம் முதலியவற்றிலிருந்து எழும் பூசல்களுக்கு அவ்வதிகாரம் செல்லாது என்பது அதன் கருத்து. 1886ஆம் ஆண்டுப் பத்திரம் அரசமைப்புக்கு முந்தியது அன்றோ? அப்படியாயின் வழக்கை விசாரிக்கவே இயலாதோ என்னும் வினா எழுந்தது.

ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் விடை கூறியது. அவ்வரம்புரை அரசியல் தன்மையுள்ள ஒப்பந்தங்களையே குறிக்கும். பெரியாற்றுக் குத்தகை அத்தன்மையது அன்று. ஆகவே தடையில்லை என்று நீதிமன்றம் கொண்டது. நீர்மட்டம் 142 அடிவரை உயரலாம் என்ற முந்தைய முடிவை நிலைநிறுத்தி, அணையின் பாதுகாப்பைக் கண்காணிக்க மூவர் குழு ஒன்றையும் அமைத்தது. வரம்புரையின் சொற்களை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் ஒரு பொருள். அஃது எதனைக் காக்க எழுதப்பட்டது என்று நோக்கிப் படித்தால் மற்றொரு பொருள். சொல்லையும் நோக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பதே பொருள் கோடலின் முறையாகும்.

இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க உண்மை ஒன்று உண்டு. 1886இல் அப்பத்திரத்தை எழுதியவர்கள் பின்வரும் காலத்தை முற்றும் அறிந்திருக்க முடியாது. மின்சாரத்தையும், புதிய மாநிலங்களையும், அரசமைப்பையும் அவர்கள் எவ்வாறு காண்பர்? எந்த வாசகமும் வருங்காலம் முழுவதையும் தன்னுள் அடக்குவதில்லை. ஆயினும், ஐயம் எழுந்தால் யாரிடம் செல்வது என்பதை அவர்கள் எழுதி வைத்தனர். அறியாததற்கும் ஒரு வழி வகுத்து வைத்த அவ்வாசகத்தால், சண்டை சொல்லளவில் நின்று தீர்ப்பைப் பெற்றது.

பெரும் அரசுகளுக்கு உரிய இம்முறை எளிய மக்களுக்கும் உரியதே. வீட்டு வாடகைச் சீட்டு, நிலக் கிரையப் பத்திரம், கடன் உறுதிச்சீட்டு, வேலைக்கு முன்பணம் பெறும் சீட்டு ஆகியவற்றில் எல்லாம் வாசகங்கள் உள்ளன. கையெழுத்திடும் முன் நான்கு வினாக்களை எழுப்பிப் பார்த்தல் வேண்டும். இவ்வுரிமை எதற்காகத் தரப்படுகிறது? எது நடந்தால் கடமை தோன்றும்? எவையெவை விலக்கு? பிணக்கு வந்தால் யார் தீர்ப்பது? இவற்றுக்கு விடை இல்லாத சீட்டில் இடும் கையெழுத்து, ஆழம் அறியாத நீரில் விடும் காலை ஒக்கும். எழுத்தறியாத பெற்றோர்க்கு இவ்வினாக்களைப் படித்துக் காட்டி விளக்குதல், கல்வி கற்கும் பிள்ளைகள் செய்யத்தக்க நல்ல உதவியாகும்.

இலக்கண வகுப்பில் எச்சமும் முற்றும் கற்கும் மாணவர் சிலர், ‘இதனால் வயிறு நிறையுமா?’ என்று நினைப்பதுண்டு. லோயர் கேம்ப்பில் தொடங்கும் பதினெட்டாம் கால்வாய், பெரியாற்று நீரைத் தேவாரம், போடி வட்டாரக் கண்மாய்களுக்குக் கொண்டுவருகிறது. அந்நீர் பாயும் வயலில் விளையும் நெல்லுக்கு உழவரின் உழைப்பும் பொறியாளரின் திறமும் காரணம் என்பது உண்மை. அந்நீருக்கு உரிமை தந்து காப்பவை சில வாசகங்கள் என்பதும் அதே அளவு உண்மை. சொல்லை அளந்து எழுதவும், அளந்து படிக்கவும் கற்றவர், தம் உரிமையையும் காப்பர். பிறர் உரிமையையும் மதிப்பர்.